பஜார் ரோட்டு ஐஸ்கிரீம் கடையும் எங்கள் வீட்டுப் பாலும்

கேள்வி இதுதான்: கொடைக்கானல் பஜார் பக்கம் ஒரு சின்ன ஐஸ்கிரீம் கடை இருந்தது, மர வாளியில் கையால் சுற்றிச் செய்வார்கள். கொரோனாவுக்குப் பிறகு போனபோது கதவு சாத்தியிருந்தது. அந்த ருசி வேறு எங்கும் கிடைக்கவில்லை. அது நிஜமாகவே அவ்வளவு நல்ல ஐஸ்கிரீமா, இல்லை சின்ன வயசில் சாப்பிட்டதால் அப்படித் தோன்றுகிறதா? வீட்டில் செய்து பார்க்க முடியுமா?

நிஜமாகவே நல்ல ஐஸ்கிரீம்தான். அந்தக் கடைக்குப் பால் ஊற்றியது எங்கள் அப்பா. பத்து வயதிலிருந்து, பள்ளிக்கூடம் போகிற வழியில் அந்தக் கடையில் பால் கேனை இறக்கி வைத்துவிட்டுப் போனவள் நான். அப்புறம் பால்வளம் படித்து, கீழே சமவெளியில் ஒரு பால் ஆலையின் ஆய்வகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அந்த ஐஸ்கிரீமைக் குழந்தையாகவும் சாப்பிட்டிருக்கிறேன், கொழுப்பு எத்தனை சதவீதம் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டும் சாப்பிட்டிருக்கிறேன். சின்ன வயசு ஞாபகம் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். ஆனால் அந்த ருசிக்குக் கண்ணால் பார்த்து, கையால் அளந்து சொல்லக்கூடிய காரணங்கள் இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் கொடைக்கானலின் உயரமும் குளிரும் கொடுத்தவை. கீழே எங்கு தேடினாலும் கிடைக்காததற்கு அதுதான் காரணம்.

கடையின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை, குடும்பத்தார் அப்படித்தான் விரும்புகிறார்கள். நாங்கள் அவரைப் பெரியப்பா என்றும் அவர் வீட்டம்மாவைப் பெரியம்மா என்றும் கூப்பிடுவோம். ரத்த சொந்தம் கிடையாது, பழக்கத்தில் வந்த முறை. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

பெரியப்பாவின் அப்பா ஒரு அமெரிக்க மிஷனரி பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். மதுரைப் பக்கத்துக் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் பயந்து மலையேறிய அமெரிக்க மிஷன்காரர்கள்தான் 1845-ல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1843-ல், அவர்கள் நாட்டில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி கைப்பிடியைச் சுற்றி ஐஸ்கிரீம் செய்யும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். வெளியே மர வாளி, உள்ளே தகர உருளை, அதற்குள் பாலைக் கிளறும் மரத் துடுப்பு, மேலே பல் சக்கரமும் கைப்பிடியும். பெரியப்பா கடையில் இருந்த வாளியும் அந்த வம்சம்தான். அந்த துரை குடும்பம் ஊருக்குக் கிளம்பும்போது சமையல்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. வாளியோடு செய்முறையும் அவர் கைக்கு வந்தது. பெரியப்பா அப்பாவிடம் கற்றுக்கொண்டார்.

கடை பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். முன்னால் ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, சுவரில் சலேத் மாதா படமும் முருகன் படமும் பக்கத்தில் பக்கத்தில். தட்டி மறைப்புக்குப் பின்னால் அடுப்பு, வாளி, உப்பு மூட்டை. கனமான கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு உருண்டை வைத்து, ஒரு வேஃபரைச் செருகித் தருவார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மூடுபனி கதவு வழியாக உள்ளே வந்து பெஞ்சு வரைக்கும் நிற்கும். குல்லாவும் ஸ்வெட்டரும் போட்ட பிள்ளைகள் வாயில் புகை விட்டுக்கொண்டே ஐஸ்கிரீம் சாப்பிடும். "குளிர்ல எதுக்குடா ஐஸு?" என்று கேட்கும் தாத்தாவும் தன் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருப்பார்.

இனி பாலைப் பற்றி. எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

எங்கள் வீடு அட்டுவம்பட்டிப் பக்கம், இப்போது அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். நாலு மாடு வைத்திருந்தோம், எல்லாம் ஜெர்சி கலப்பு. ஜெர்சி ரத்தம் ஓடும் மாட்டுக்குப் பாலில் கொழுப்பு நாலரை, ஐந்து என்று நிற்கும். நிறையக் கறக்கும் ஹோல்ஸ்டீன் மாட்டுக்கு மூன்றரை வந்தாலே பெரிய விஷயம். எங்கள் மாடுகள் சரிவில் பச்சைப் புல் மேய்ந்தவை. புல்லில் இருக்கும் கரோட்டின் பசும்பாலின் கொழுப்பில் வந்து சேரும், பால் இளமஞ்சளாக இருக்கும். பெரியப்பா கடையின் வெனிலா ஐஸ்கிரீம் லேசான தந்த நிறத்தில் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? கலர் போடுகிறார்கள் என்று நிறையப் பேர் நினைத்தார்கள். அது புல்லின் நிறம். அக்டோபர் மழை பிடித்துப் புல் தழைத்த பிறகு அந்த மஞ்சள் இன்னும் கூடும், மார்ச்சில் சரிவு காய்ந்து கிடக்கும்போது வெளுத்துவிடும். எருமைப் பாலில் கொழுப்பு கூட இருந்தாலும் கரோட்டின் தங்குவதில்லை, வெள்ளையாகத்தான் இருக்கும்.

சாயங்காலப் பாலை வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, துணி கட்டி, ராத்திரி முழுக்க வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் வைப்போம். காலையில் மேலே கெட்டியாகப் பாலேடு மிதக்கும். அதை வழித்து ஒரு தூக்கில், மீதிப் பாலை கேனில், காலையில் கறந்த பாலை இன்னொரு கேனில் என்று பிரித்துக் கொண்டுபோவோம். இது எங்கள் பாட்டி காலத்துப் பழக்கம். கல்லூரியில் படிக்கும்போதுதான் காரணம் தெரிந்தது. பசும்பாலில் இருக்கும் ஒரு வகைப் புரதம், குளிர் பட்டால் கொழுப்புத் துளிகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். கொத்தாகச் சேர்ந்தவை சீக்கிரம் மேலே ஏறும். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ ராத்திரி வெளியில் பாலை வைத்தால் ஏடு கட்டுவதற்கு முன்னால் திரிந்துபோகும். கொடைக்கானலில் ராத்திரி பத்து டிகிரி வாக்கில் இருக்கும், அதனால் மிஷின் இல்லாமலே எங்களுக்குக் கிரீம் கிடைத்தது. அந்தப் பாலேடு சேர்த்ததால்தான் பெரியப்பாவின் ஐஸ்கிரீமில் கொழுப்பு பத்து சதவீதத்துக்குக் குறையாமல் நின்றது. இன்று நம் நாட்டு விதியும் அதையேதான் கேட்கிறது. பால் கொழுப்பு 10 சதவீதமாவது இருந்தால்தான் வெறும் 'ஐஸ்கிரீம்' என்று அச்சிடலாம்.

காய்ச்சுவதிலும் மலைக்கு ஒரு பங்கு உண்டு. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். தண்ணீர் இங்கே 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அதே காரணத்தால் பாலைச் சுண்டக் காய்ச்சினாலும் பால்கோவா வாடை சீக்கிரம் ஏறாது. கீழே ஒரு மணி நேரம் சுண்டிய பாலில் கருகலும் பழுப்பும் கலந்த ஒரு மணம் வரும். திரட்டுப்பாலுக்கு அது அழகு, வெனிலாவுக்கு இடைஞ்சல். பெரியம்மா ஒரு லிட்டரை முக்கால் லிட்டராகச் சுண்டவைப்பார், பால் வெள்ளை மணத்தோடேயே இருக்கும். கூடவே அடுப்பில் எரிந்தது யூகலிப்டஸ் விறகு. பால் கொழுப்பு பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அந்த ஐஸ்கிரீமை விழுங்கியபிறகு தொண்டையில் லேசாக ஒரு தைல வாசனை நின்றதல்லவா, அது அடுப்பிலிருந்து வந்தது. கேஸ் அடுப்புக்கு மாறிய பிறகு அது போய்விட்டது. அதைச் சரியாகக் கவனித்துச் சொன்ன வாடிக்கையாளர்களும் இருந்தார்கள்.

காய்ச்சிய கலவையை அன்றைக்கே சுற்ற மாட்டார். ஆறவிட்டு, ஓடுகிற குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் பாத்திரத்தை இறக்கி, ஒரு ராத்திரி வைத்துவிடுவார். "பால் தூங்கி எந்திரிக்கணும் பாப்பா" என்பார். ஆலையில் நாங்கள் செய்ததும் அதையேதான். கலவையை 4 டிகிரியில் குறைந்தது நாலு மணி நேரம் வைத்திருந்தால் கொழுப்பு இறுகும், பால் புரதமும் மாவும் தண்ணீரைக் குடித்து வீங்கும். அப்போதுதான் சுற்றும்போது காற்றைப் பிடித்துவைக்கும், நாக்கில் வழுவழுப்பாக இருக்கும். இந்த வேலையைப் பெரியப்பா படித்து அறிந்தவர் இல்லை. அவசரமாகச் சுற்றிய நாளில் ஐஸ்கிரீம் மணல் மாதிரி வந்ததைப் பார்த்து அறிந்தவர்.

ஐஸ் மட்டும் மலைக்குச் சொந்தமில்லை. பார் ஐஸ், சாக்கும் மரத்தூளும் சுற்றி, வத்தலக்குண்டிலிருந்து காலை லாரியில் வரும். கல் உப்பும் கீழேயிருந்துதான். உப்பு சேர்ந்த ஐஸ் சுழியத்துக்குக் கீழே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். எடையில் மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு போட்டால் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கும், அதற்குமேல் எவ்வளவு உப்பு கொட்டினாலும் இறங்காது. பெரியப்பா அவ்வளவு போட மாட்டார். ஆறுக்கு ஒன்று, மைனஸ் 10 வாக்கில் நிற்கும். ஏன் என்று கேட்டால், "உப்பு ஏறுனா ஓரத்துல கல்லாப் பிடிச்சுக்கும், நடுவுல பாலாவே கிடக்கும்" என்பார். முப்பது, நாற்பது நிமிடம் சுற்ற வேண்டும். முதல் இருபது நிமிடம் பிள்ளைகள் சுற்றலாம், பெரியப்பா சந்தோஷமாக விடுவார். கைப்பிடி இறுகியதும் வாங்கிக்கொள்வார். அந்தக் கடைசிப் பத்து நிமிடம்தான் ஐஸ்கிரீம். அப்போது விடாமல் சுற்றினால்தான் பனிப் படிகங்கள் பொடியாக இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் நாக்கு அதை நறநறவென்று கண்டுபிடித்துவிடும்.

இப்போது காற்று. ஆலை ஐஸ்கிரீமில் கலவையின் அளவுக்குச் சமமாகவே காற்றை அடிப்பது சாதாரணம். ஒரு லிட்டர் டப்பாவில் பாதிவரை காற்று இருக்கலாம். அதனால்தான் ஒரு லிட்டர் குறைந்தது 525 கிராமாவது எடை இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். கை வாளியில் அவ்வளவு காற்று ஏறாது, கால் பங்கு சேர்ந்தால் அதிகம். ஒரு லிட்டர் 850 கிராமுக்குமேல் எடை வரும். கிண்ணத்தில் இரண்டே உருண்டை, ஆனால் வயிறு நிறைந்தது என்று சொல்வார்களே, கணக்கு இதுதான்.

இந்தக் காற்று மலையேறும்போது என்ன ஆகிறது என்பது கொடைக்கானல்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பெருமாள்மலை வருவதற்குள் பலூன் மாதிரி உப்பிவிடும். கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேலேதான் கொடைக்கானலில் இருக்கிறது. அடிவாரத்தில் அடைத்த காற்று மேலே வந்ததும் கால் பங்கு கூடுதல் இடம் கேட்கும். டப்பா ஐஸ்கிரீமும் அப்படித்தான். கல்லாக உறைந்திருந்தால் தாக்குப்பிடிக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக ஏறும்போது வண்டியின் குளிர் கொஞ்சம் குறைந்தால் போதும், குமிழிகள் விரிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, உடைந்து, மூடியை முட்டும். மறுபடி உறையும்போது பனிப் படிகங்கள் பெரிதாகிவிடும். நல்ல கம்பெனி ஐஸ்கிரீமே ஆனாலும் மலையில் வாங்கினால் சில சமயம் பஞ்சு மாதிரியும் சில சமயம் நறநறவென்றும் இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். பெரியப்பாவின் ஐஸ்கிரீம் 2,100 மீட்டரில் கறந்த பாலில், 2,100 மீட்டரில் சுற்றி, பத்தடி தூரத்தில் தின்னப்பட்டது. ஒரு வளைவுகூட அது ஏறவில்லை.

இன்னொன்று, உறைநிலைப் பெட்டியில் மைனஸ் 18-ல் கிடந்த ஐஸ்கிரீம் நாக்கை மரத்துப்போகச் செய்யும். இனிப்பும் மணமும் பாதிதான் தெரியும், அதனால்தான் கம்பெனிக்காரர்கள் சர்க்கரையும் எசன்ஸும் கூட்டுவது. வாளியிலிருந்து நேராக எடுத்தது மைனஸ் ஐந்து, ஆறு டிகிரியில் தளதளவென்று இருக்கும். குறைந்த சர்க்கரையிலேயே இனிப்பு தெரியும். கீழே அந்தப் பதத்தில் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் பாயசமாகிவிடும். மூடுபனியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அரை மணி நேரம் கதை பேசிக்கொண்டே சாப்பிடலாம். கொடைக்கானல் குளிரில் ஐஸ்கிரீம் ஏன் அவ்வளவு நன்றாக இருந்தது என்பதற்கு என் பதில் இதுதான்.

பழ ஐஸ்கிரீம்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மே, ஜூனில் ப்ளம்ஸ். தோலோடு சர்க்கரை போட்டு வேகவைத்து வடிகட்டுவார், அந்தக் கருஞ்சிவப்பு முழுக்கத் தோலிலிருந்து வருவது. புளிப்புப் பழத்தைச் சூடான பாலில் போட்டால் திரிந்துவிடும், ஆகவே பழத்தையும் குளிரவைத்து, பாதி உறைந்த பிறகுதான் வாளியைத் திறந்து ஊற்றுவார். தாட்பூட் பழமும் அப்படித்தான், விதையோடு சேர்ப்பார், கறுப்பு விதை பல்லில் நொறுங்கும். கடைகளில் இப்போது 'பேஷன் ஃப்ரூட்' என்று எழுதிப்போடுகிறார்கள், எங்களுக்கு அது தாட்பூட்தான். கீழ்மலையிலிருந்து மலைவாழை வந்தால் அதிலும் ஒரு வாளி. ஆனால் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே பேரிக்காய் ஐஸ்கிரீம். வில்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆகஸ்டில் பேரிக்காய் இறங்கும். பச்சையாகப் போட்டால் அதிலுள்ள தண்ணீர் உறைந்து கூழாங்கல் மாதிரி ஆகிவிடும். பெரியம்மா துருவி, சர்க்கரையும் ஒரு துண்டு பட்டையும் போட்டுத் தண்ணீர் வற்றும்வரை கிளறுவார். ஆகஸ்ட் 14, 15-ல் சலேத் மாதா திருவிழா வரும். பூத்தேர் பார்த்துவிட்டு இறங்கி வருகிற கூட்டம் நேராகக் கடைக்குத்தான் வரும். கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அந்த இரண்டு நாள் பேரிக்காய் ஐஸ்கிரீமுக்குக் காசு சேர்த்துவைப்பார்கள். ஒரு திருவிழாவில் பதினோரு வாளி சுற்றியதாகப் பெரியம்மா சொல்வார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஸ்ட்ராபெரி என்று அங்கே விற்றது பெரும்பாலும் சிவப்பு எசன்ஸ்தான், அதைப் பற்றி யாராவது உருகினால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் மே மாதத்தில் கூட்டம் தாங்காமல், ராத்திரி வைக்க வேண்டிய கலவையை மத்தியானமே சுற்றிய நாள்கள் உண்டு. சீசனில் மட்டும் வந்து சாப்பிட்டவர்கள் அந்தக் கடையின் நல்ல ஐஸ்கிரீமை முழுதாகச் சாப்பிடவில்லை என்றே சொல்வேன். கேள்வி கேட்டவர் எந்த மாதத்தில் வருவார் என்று தெரியவில்லை. லீவுக்கு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ வந்திருந்தால் கொடுத்துவைத்தவர்.

ஏன் மூடினார்கள் என்பதற்கு ஊரில் பல கதைகள். வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததால் என்றுகூட ஒருவர் என்னிடம் சொன்னார். இ-பாஸ் 2024 மே 7-லிருந்துதான் நடைமுறைக்கு வந்தது, கடை அதற்கு முன்பே மூடிவிட்டது. கம்பெனி ஐஸ்கிரீம் வந்ததால் என்று சொல்கிறவர்களும் உண்டு. 1970-ல் சென்னை ராயபுரத்தில் தொடங்கிய அருண் ஐஸ்கிரீம்ஸ் வெளியூர்களில்தான் முதலில் பெரிதாக வளர்ந்தது. அப்படிப்பட்ட நிறுவனங்களால்தான் சின்ன ஊர்களுக்கெல்லாம் வருடம் முழுக்க ஐஸ்கிரீம் போய்ச் சேர்ந்தது, அது நல்ல காரியம். பெரியப்பாவின் கூட்டம் அதனால் பெரிதாகக் குறையவில்லை. இரண்டும் வேறு பண்டம் என்று வாங்குகிறவர்களுக்குத் தெரிந்திருந்தது.

என் பார்வையில் கடை பாலில் இருந்துதான் தேய ஆரம்பித்தது. மேய்ந்த சரிவுகளில் காட்டேஜ்கள் எழுந்தன. தீவன விலை ஏறியது. பால் ஊற்றிய ஆறு வீடுகளில் பிள்ளைகள் படித்து வெளியே போனோம், நானும்தான். இதைச் சொல்லும்போது எனக்கு மனசு கனக்கிறது. அப்பா கடைசி மாட்டை விற்ற வருடம் பெரியப்பா கேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். "சரி, பாக்கெட் பால் வாங்கிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். பாக்கெட் பாலை ஆலையில் சூடுபடுத்தி, கொழுப்புத் துளிகளை உடைத்துச் சீராக்கி அனுப்பினால் அதில் ஏடு மிதக்காது. கிரீமைத் தனியாக வாங்க வேண்டும். செலவு கூடியது. விலை கூட்ட அவருக்கு மனசு வரவில்லை.

அப்புறம் 2012 வாக்கில் தமிழ்நாடு முழுக்க இருந்த நீண்ட மின்வெட்டு. சுற்றுவதற்குக் கரண்ட் வேண்டாம், மீந்ததை வைக்க வேண்டுமே. இளகி இளகி உறைந்த ஐஸ்கிரீமை அவர் விற்க மாட்டார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். தோள்பட்டை வலி வந்து வாளியை மகன் சுற்ற ஆரம்பித்தார். வாடகை ஏறியது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து அந்த வருடச் சீசன் போனது, அடுத்த வருடம் இரண்டாம் அலையில் அந்தச் சீசனும் போனது. சீசனில் சம்பாதித்து மழையில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஊர் இது. இரண்டு சீசன் போனால் சின்னக் கடை எழுந்திருக்காது. அந்த வருடமே சாவியை ஒப்படைத்துவிட்டார்கள். பெரியப்பா அடுத்த வருடம் இறந்துபோனார். வாளி பெரியம்மாவிடம் இருக்கிறது. தகர உருளைக்கு ஈயம் பூசி, துடைத்துத்தான் வைத்திருக்கிறார்.

வீட்டில் செய்யலாமா என்றால், செய்யலாம். அந்த யூகலிப்டஸ் வாசனை வராது, மற்றதெல்லாம் கிட்டத்தட்ட வரும். பெரியம்மாவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். கறந்த பசும்பால் ஒரு லிட்டர், கிடைக்காவிட்டால் முழுக் கொழுப்புள்ள பாக்கெட் பால். அகலமான பாத்திரத்தில் சிறு தீயில் முக்கால் லிட்டராக்குங்கள், அடிப்பிடிக்கவே கூடாது. கார்ன்ஃப்ளோர் இரண்டு டீஸ்பூனைக் குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றி இரண்டு நிமிடம் கிளறி, 160 கிராம் சர்க்கரை போட்டு இறக்குங்கள். ஆறியதும் 250 மில்லி ஃப்ரெஷ் கிரீம். டப்பா கிரீமில் கொழுப்பு 25 சதவீதம் போட்டிருந்தால் மொத்தத்தில் ஒன்பது, பத்து சதவீதம் வந்துவிடும், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். மூடி, ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி. இதை மட்டும் தாண்டாதீர்கள்.

வாளி இல்லாதவர்கள் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியில் உடைத்த ஐஸும் கல் உப்பும் ஆறுக்கு ஒன்றாக அடுக்கி, நடுவில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கை இறக்கி, தூக்கையே இடமும் வலமும் திருப்ப வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து ஓரத்தை மரக்கரண்டியால் வழித்து நடுவுக்குத் தள்ளுங்கள். திறப்பதற்கு முன் மூடியைச் சுற்றித் துடைக்காவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும், முழு வாளியும் வீண். வழிக்கும்போது கரண்டியில் ஒட்டிக்கொண்டு கீழே விழாத பதம் வந்தால் பழத்தைச் சேர்த்து இன்னும் பத்து நிமிடம். உடனே சாப்பிடுங்கள். ஃப்ரீசரில் வைத்து மறுநாள் எடுத்தால் அது வேறு பண்டம்.

கடையில் வாங்குவதானால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று எழுதியிருந்தால் அதில் பால் கொழுப்புக்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ தாவர எண்ணெய் இருக்கும். அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டினால் அதனால்தான்.

பழம் எது என்று கேட்டால் பேரிக்காயில் தொடங்குங்கள் என்பேன். இரண்டு பேரிக்காய் துருவி, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, விரல்நுனி அளவு பட்டை, தண்ணீர் வற்றிப் பளபளப்பு வரும்வரை கிளறி முழுக்கக் குளிரவையுங்கள். நாட்டுப் பேரிக்காய்தான் வேண்டும், கெட்டியாக, பச்சைத் தோலில் பழுப்புப் புள்ளி போட்டு இருக்கும். வெளிநாட்டு மெத்துப் பழம் கரைந்துபோகும். ஆகஸ்டில் கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்தால் வில்பட்டிக்காரர்கள் சாக்கில் கொட்டி வைத்திருப்பார்கள். காலை பத்து மணிக்கு முன்னால் வாருங்கள், நல்லது அதற்குள் போய்விடும்.